உறங்கும் ஊரும் உழைக்கும் ஊரும்

உரைநடை – வாழ்வியல்

கற்றல் நோக்கங்கள்

• மக்கள்தொகை எண் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை என்பதை அறிதல்.
• வீடும் வேலையும் ஓர் ஊரின் வாழ்வை எவ்வாறு அமைக்கின்றன என்பதைக் கோலார் தங்கவயலின் வழியாக ஆராய்தல்.
• தம் கருத்தைச் சான்றுடன் எடுத்துரைக்கப் பழகுதல்.

நுழையுமுன்

‘உன் ஊர் எது?’ என்று எவரேனும் வினவினால் நாம் உடனே விடை கூறிவிடுகிறோம். ஆனால், ஒருவர் உறங்குவது ஓர் ஊரிலும் உழைப்பது மற்றோர் ஊரிலும் என்றால் அவருடைய ஊர் எது? பெங்களூருவின் தொடர்வண்டி நிலையங்களில் காலைதோறும் வந்து இறங்கும் மக்களுள் பலர் இவ்வினாவைத் தம் வாழ்வாகவே கொண்டவர்கள். அவர்களுடைய ஊரைப்பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

பொழுது புலருமுன்

கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில் மாரிக்குப்பம் என்னும் சிறிய தொடர்வண்டி நிலையம் உள்ளது. இருப்புப்பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. பொழுது புலருமுன்னரே அந்நிலையத்தில் மக்கள் கூடுகின்றனர். கையில் உணவுப் பை. சட்டைப் பையில் மாதப் பருவச்சீட்டு. வண்டி புறப்பட்டதும் சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் ஆகிய நிலையங்களில் மேலும் பலர் ஏறுகின்றனர். ஏறத்தாழ 16 கிலோமீட்டர் கடந்ததும் பங்கார்பேட்டைச் சந்திப்பு வருகிறது. அங்கிருந்து பெங்களூரு மாநகரம் 70 கிலோமீட்டர்.

மாலூரைக் கடந்து வண்டி மேற்கு நோக்கி விரைகிறது. ஒயிட்ஃபீல்டில் ஒரு கூட்டம் இறங்குகிறது. கிருஷ்ணராஜபுரத்தில் மற்றொரு கூட்டம். கண்டோன்மென்டில் இன்னொரு கூட்டம். மின்பணியாளர், தையல் தொழிலாளர், கடைப் பணியாளர், காவலர், கணினிப் பொறியாளர், செவிலியர், கல்லூரி மாணவர் எனப் பலதிறத்தாரும் அக்கூட்டத்தில் உள்ளனர். மாலையில் இதே வண்டிகள் அவர்களை மீண்டும் ஊர் சேர்க்கின்றன. இவர்களைப் போன்று நாள்தோறும் பணிக்குச் சென்று திரும்புவோரை ‘நாட்பயணியர்’ என்று இப்பாடத்தில் குறிப்போம்.

ஓர் ஊரினர் ஏன் இத்தனை தொலைவு சென்று திரும்புகின்றனர்? வேலை உள்ள இடத்திலேயே குடியேறிவிடலாகாதா? விடை காண, அவ்வூர் உருவான வரலாற்றை அறிதல் வேண்டும்.

வேலை அழைத்த ஊர்

கோலார் பகுதியில் மக்கள் நெடுங்காலமாகவே தங்கம் எடுத்துவந்தனர். 1802 ஆம் ஆண்டில் அப்பகுதியை அளந்தாய்ந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் அதனைப் பதிவு செய்தார். 1870களில் பெங்களூருவில் வாழ்ந்த மைக்கேல் லவெல் என்பவர் சுரங்கம் தோண்ட உரிமம் பெற்றார். பெங்களூருவின் லவெல் சாலை அவர் பெயரைத் தாங்கியதே. 1880 ஆம் ஆண்டு முதல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் பணியை மேற்கொண்டபின் சுரங்கத்தொழில் தழைத்தது.

பாறையைப் பிளக்கக் கைகள் தேவைப்பட்டன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற தமிழ் உழைப்பாளர். குறிப்பாகத் தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட சமூகத்தினர். ஊரில் பண்ணையாரிடம் கைகட்டி நின்றவர்களுக்குச் சுரங்கம் மாதக் கூலி தந்தது. அக்கூலி அவர்களுக்குத் தலைநிமிர்வையும் தந்தது. அயோத்திதாசப் பண்டிதர் முன்னெடுத்த பௌத்த இயக்கம் இங்கு வலுவாக வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். தமிழரோடு தெலுங்கர், கன்னடர், மலையாளர், பஞ்சாபியர் ஆகியோரும், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளரும் இவ்வூரில் வாழ்ந்தனர்.

1894 ஆம் ஆண்டில் பங்கார்பேட்டையிலிருந்து தங்கவயலுக்கு இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. 1902 ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கடந்து இச்சுரங்கங்களை வந்தடைந்தது. பெங்களூரு நகரம் மின்விளக்கொளி பெற்றது 1905 ஆம் ஆண்டில்தான். இன்று மாநகரத்தை நாடிச் செல்லும் ஊர், அன்று மாநகரத்திற்கு முன்னரே மின்னொளி கண்டது என்பது எண்ணத்தக்கது.

லைன் வீடுகள்

தங்கவயலில் இருவகைக் குடியிருப்புகள் எழுந்தன. மேட்டு நிலங்களில் ஆங்கில அலுவலர்க்கெனத் தோட்டம் சூழ்ந்த பெரிய பங்களாக்கள். அவர்களுக்கெனத் தனி மன்றம், விளையாட்டுத் திடல். சுரங்கத் தண்டுகளை ஒட்டித் தொழிலாளர் வீடுகள். வரிசை வரிசையாக அமைந்த அவ்வீடுகளை மக்கள் ‘லைன்’ என்றே அழைத்தனர். இன்றும் அவ்வாறே அழைக்கின்றனர்.

தொடக்கத்தில் அவ்வீடுகளின் சுவர்கள் மூங்கில் தட்டிகளால் ஆனவை. பிற்காலத்தில் மண்சுவரும் கற்சுவரும் தகரக் கூரையும் வந்தன. பெரும்பாலானவை ஓரறை வீடுகள். சமையலும் உறக்கமும் படிப்பும் அவ்வொரு அறையிலேயே. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பொதுவில் அமைந்தன. இட நெருக்கடியால் நோய் பரவவே, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கப் பகுதியை அடுத்து ராபர்ட்சன்பேட்டை என்னும் புதிய நகரப்பகுதி திட்டமிட்டு அமைக்கப்பட்டது. அக்காலத்தில் மைசூரில் ஆங்கில அரசின் பேராளராக இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயரே அதற்கு இடப்பட்டது.

லைன் வீடுகள் சிறியவை. ஆயினும் அவற்றில் வளர்ந்த உறவு பெரிது. ஒரே சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள். ஒரு வீட்டில் அழுகுரல் எழுந்தால் வரிசை முழுவதும் விழித்துக்கொள்ளும். ஆடவர் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பணிபுரியும்போது பாறை வெடித்துச் சரிவதுண்டு. அத்தகைய நாளில், எந்த வீட்டிற்குத் துயரச் செய்தி வரும் என்று லைன் முழுவதும் ஒன்றாகக் காத்திருந்தது. இடரில் விளைந்த இவ்வுறவுதான் பின்னாளில் மக்களை அவ்வூரிலேயே நிலைநிறுத்தியது.

அந்த நள்ளிரவு

1956 ஆம் ஆண்டில் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன்வயமாக்கியது. பின்னர் அவை நடுவண் அரசிடம் சென்று, 1972 ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆயின. ஆழம் கூடக்கூடச் செலவு பெருகியது. பாறையில் தங்கத்தின் அளவோ குறைந்தது. 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்போது மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் பணியில் இருந்தனர். 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வழங்கிய மண் அன்றோடு ஓய்ந்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். 2001 ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படை நேரம், மார்ச் 1 ஆம் நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணியாகும். நாட்டில் அந்நேரத்தில் எத்தனை பேர் இருந்தனர் என்பதே கணக்கு. சுரங்கம் மூடப்பட்ட நாளின் நள்ளிரவும் அதுவே! கணக்கெடுப்போர் கேட்பது கடந்த ஓராண்டுக் காலத் தொழிலை. ஆகவே, அவ்வாண்டுக் கணக்கில் தங்கவயலின் தொழிலாளர் ‘தொழிலாளர்’ என்றே எண்ணப்பட்டிருப்பர். எண் மாறவில்லை, ஊரின் வாழ்வு மட்டும் ஒரே இரவில் மாறிவிட்டது.

வேலை போனால் மக்களும் ஊரைவிட்டுப் போவர் என்பது பலரின் எண்ணம். உலகின் பல சுரங்க ஊர்கள் அவ்வாறே ஆளற்றுப் பாழாயின. தங்கவயல் அவ்வாறு ஆகவில்லை. சுரங்கம் மூடிப் பத்தாண்டுகளுக்குப் பின்னர், 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் அந்நகரில் ஏறத்தாழ 1,62,000 பேர் இருந்தனர். வேலை போனபின் ஊரைத் தாங்கியவை எவை? வீடும் தொடர்வண்டியுமே.

ஒரு குடும்பம்

இவ்வாழ்வை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனைக் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பாட்டனார் முப்பது ஆண்டுகள் நிலத்தடியில் உழைத்தவர். பாறைத் தூசு அவருடைய நுரையீரலைப் பற்றியுள்ளது. மகன் ஒயிட்ஃபீல்டில் மின்பணியாளர். மகள் பெங்களூருவில் ஓர் ஆடைத் தொழிற்கூடத்தில் தைக்கிறார். பேத்தி எட்டாம் வகுப்பு மாணவி.

ஒருநாள் இரவு, களைத்துத் திரும்பிய மகன் தந்தையிடம் கூறினார்: “அப்பா, பெங்களூரிலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம். எனக்கு இந்தப் பயணம் தாங்கவில்லை.”

“வாடகை எவ்வளவு கேட்கிறார்கள்?”

“மாதம் பத்தாயிரம். முன்பணம் பத்து மாத வாடகை.”

“பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம், தம்பி. நடு இரவில் எனக்கு மூச்சு முட்டினால் இங்கே பத்து வீடு எழுந்து வரும். அங்கே யார் வருவார்?”

மகன் விடை கூறவில்லை. அருகில் படித்துக்கொண்டிருந்த பேத்தி மட்டும் கேட்டாள்: “தாத்தா, அப்பா என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று, தெரியுமா?” இம்முறை பாட்டனாரிடமும் விடை இல்லை.

இவ்வுரையாடலில் எவர் கூற்றும் தவறன்று. முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்கும் வழக்கம் பெங்களூருவில் நெடுங்காலம் நிலவியது. மாத வாடகை 10,000 ரூபாய் எனில் முன்பணம் 1,00,000 ரூபாய். கூலியாளர் குடும்பத்திற்கு அஃது எளிதன்று. மறுபுறம், பயணத்திற்கும் ஒரு விலை உண்டு. வீட்டிலிருந்து பணியிடம் சேர ஒருவழிக்கு இரண்டரை மணி நேரம் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 5 மணி; மாதம் 25 பணிநாள் எனில் 125 மணி. அதாவது, ஒவ்வொரு மாதத்திலும் ஐந்து முழு நாள்களுக்கு மேல் வண்டியிலும் வழியிலும் கழிகின்றன. பருவச்சீட்டின் விலை குறைவுதான். அதில் அச்சிடப்படாத விலை இதுவே. அதனைப் பயணியுடன் அவர்தம் பிள்ளைகளும் சேர்ந்தே செலுத்துகின்றனர்.

எண்ணின் மறுபக்கம்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவரை அவர் வாழும் வீட்டில் வைத்தே எண்ணுகிறது. ஆகவே அது இரவின் கணக்கு. பகலில் எத்தனை பேர் ஊரில் உள்ளனர், எத்தனை பேர் வெளியில் உள்ளனர் என்பதை அவ்வெண் தனித்துக் கூறாது. ஜப்பான் நாட்டின் கணக்கெடுப்பில் ‘பகல் மக்கள்தொகை’ எனத் தனிக் கணக்கே வெளியிடப்படுகிறது. தோக்கியோவின் மையமான சியோதா வட்டத்தில் குடியிருப்போர் 70,000 பேருக்கும் குறைவு. பகலில் அங்கே இருப்போரோ 8 லட்சத்திற்கும் மிகுதி. இந்தியாவிலும் 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற பணியாளரிடம், பணியிடத்தின் தொலைவும் அங்குச் செல்லும் முறையும் கேட்டறியப்பட்டன. இது நன்முயற்சி.

இக்கணக்கு எதற்குத் தேவை? பெங்களூருப் பெருநகரத்தின் மக்கள்தொகை 2001 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 57 லட்சம். 2011 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 85 லட்சம். பத்தாண்டுகளில் கூடிய தொகை தங்கவயலைப் போன்ற பதினேழு ஊர்களுக்கு நிகர். இத்தனை பேருக்கும் வீடும் குடிநீரும் வழங்க மாநகரம் திணறுகிறது. அந்நகரில் உழைத்தும் அங்குக் குடியேறாத நாட்பயணியர் அச்சுமையைக் குறைக்கின்றனர். ஆனால், அவர்கள் எந்த ஊரின் திட்டத்திலும் முழுமையாக இடம்பெறுவதில்லை. மாநகரத் திட்டத்தில் அவர்கள் குடிமக்கள் அல்லர். சிற்றூர்த் திட்டத்தில் அவர்கள் பகலில் இல்லாதவர்கள்.

ஒயிட்ஃபீல்டைப் பாருங்கள். 1882 ஆம் ஆண்டில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் உழுது வாழ்வதற்காக அமைந்த சிற்றூர் அது. இன்று அது கணினித்துறையின் மையம். 2023 ஆம் ஆண்டில் அங்கு மெட்ரோ வந்தது. தங்கவயலிலிருந்து வருவோர் ஒயிட்ஃபீல்டில் இறங்கி, அருகிலேயே மெட்ரோ ஏறி நகருக்குள் செல்ல இயலுகிறது. ஓரிடத்தில் செய்த ஏற்பாடு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வீட்டின் இரவு உணவு நேரத்தை மாற்றுகிறது என்பதை இதனால் உணரலாம்.

மற்றொன்றும் உண்டு. லைன் வீடுகள் சுரங்க நிறுவனத்தால் கட்டப்பட்டவை. தலைமுறைகளாக வாழ்ந்தும், ‘இவ்வீடு எனது’ என்று சொல்லும் உரிமைக்காக அங்குள்ள மக்கள் நெடுங்காலம் குரல்கொடுத்து வந்துள்ளனர். உரிமையற்ற வீட்டைப் பழுதுபார்க்க மனம் துணிவதில்லை. அதன்பேரில் கடன்பெறவும் வழியில்லை. ஆகவே, குடியிருப்புச் சிக்கல் என்பது கூரை பற்றியது மட்டுமன்று, உரிமை பற்றியதுமாகும்.

நிறைவாக

வேலை மனிதரை அழைத்து வரும். வீடு அவரை நிலைநிறுத்தும். தங்கவயலின் மக்கள் வேலையை இழந்தனர், ஊரை இழக்கவில்லை. அதற்காக அவர்கள் செலுத்தும் விலை, நாள்தோறும் கழியும் ஐந்து மணி நேரம். ஓர் ஊரின் மக்கள்தொகையைப் படிக்கும்போது ‘எத்தனை பேர்?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘அவர்கள் எங்கே உறங்குகின்றனர், எங்கே உழைக்கின்றனர், இடையில் எவ்வளவு நேரம் கழிகிறது?’ என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாக்களே எண்ணுக்குப் பின்னால் உள்ள மனிதரை நமக்குக் காட்டும்.

சொற்பொருள்

பருவச்சீட்டு – குறித்த காலம்வரை பயணம் செய்ய உதவும் சீட்டு
சந்திப்பு – இருப்புப்பாதைகள் கூடும் நிலையம்
சுரங்கத் தண்டு – நிலத்தடிக்குச் செங்குத்தாக இறங்கும் வழி
பேராளர் – ஓர் அரசின் சார்பில் செயலாற்றுபவர்
தன்வயமாக்குதல் – தன் உடைமையாக்குதல்
முன்பணம் – குடிபுகுமுன் வீட்டு உரிமையாளரிடம் செலுத்தும் தொகை

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெழுதுக.

1. தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஆண்டு
(1) 1880 (2) 1894 (3) 1902 (4) 1905

2. தொழிலாளர் குடியிருப்புகளை மக்கள் அழைத்த பெயர்
(1) பேட்டை (2) லைன் (3) பங்களா (4) மன்றம்

3. ‘தொடர்வண்டி’ என்பதன் இலக்கணக் குறிப்பு
(1) பண்புத்தொகை (2) உம்மைத்தொகை (3) வினைத்தொகை (4) உவமைத்தொகை

ஆ. பிரித்தெழுதுக.
தங்கவயல், பருவச்சீட்டு, ஓரறை, நள்ளிரவு

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. நாட்பயணியர் என்போர் யாவர்?
2. ராபர்ட்சன்பேட்டை ஏன் அமைக்கப்பட்டது?
3. 2001 பிப்ரவரி 28 ஆம் நாளின் நள்ளிரவு எவ்விரு காரணங்களால் குறிப்பிடத்தக்கது?

ஈ. ஐந்து தொடர்களில் விடை தருக.
1. லைன் வீடுகளின் அமைப்பையும் அங்கு வளர்ந்த உறவையும் விளக்குக.
2. ‘பருவச்சீட்டில் அச்சிடப்படாத விலை’ என்று பாடம் குறிப்பது யாது?

உ. சிந்தித்து எழுதுக.
பாட்டனார், மகன், பேத்தி ஆகிய மூவருள் எவருடைய கூற்று உமக்கு ஏற்புடையது? பாடத்திலிருந்து இரண்டு சான்றுகள் காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக. பின்னர், உமக்கு மாறான கருத்துடைய மாணவர் ஒருவரின் விடையைப் படித்து, அதில் நீர் ஏற்கும் ஒரு கருத்தைக் குறிப்பிடுக.

ஊ. செயல்பாடு
உம் வகுப்பு மாணவர் பத்துப் பேரிடம், அவர்கள் வீட்டில் பணிக்குச் செல்வோர் நாள்தோறும் எவ்வளவு தொலைவு, எவ்வகை ஊர்தியில், எவ்வளவு நேரம் பயணம் செய்கின்றனர் என்பதைக் கேட்டறிக. திரட்டிய செய்திகளை அட்டவணையாக்குக. மாதம் 25 பணிநாள் எனக் கொண்டு, ஒவ்வொருவரும் பயணத்தில் கழிக்கும் மணிகளைக் கணக்கிடுக. அட்டவணை உணர்த்தும் செய்தியை ஐந்து தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.